உலகம் சுற்றும் வேதாளம்! வரைந்தவர் பெயர் மட்டும் எங்கே?

பூந்தமல்லி பஸ்சில் உட்கார இடம் கிடைத்தால் முதல் வேலை, சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பதுதான்!

போனைத் திறந்தால் ஒரு படம். உருவிய வாளோடு ஒரு ராஜா நடக்கிறார். தோளில் ஒரு பிணம் தொங்குகிறது. யாரோ ஒரு குசும்பன் அதன் மேலே எழுதியிருக்கிறான். ராஜா பெயர் "சம்பளம்". தோளில் தொங்குவது "வீட்டு லோன்"!

பார்த்தவர் சிரிக்கிறார். பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டுகிறார். நாலு பேருக்கு அனுப்புகிறார். வேலப்பன்சாவடி வந்ததும் இறங்கி நூம்பலுக்கு நடையைக் கட்டுகிறார்.

சரி, அந்தப் படத்தை வரைந்தது யார்? "அம்புலிமாமா படம் சார்" என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

வரைந்தவர் வெளிநாட்டுக்காரர் இல்லை. நூம்பலிலிருந்து அய்யப்பன்தாங்கல் வழியாகப் போனால் வருகிற போரூர் பக்கத்தில்தான் கடைசிக் காலத்தில் குடியிருந்தார். பெயர் கே.சி.சிவசங்கரன். படத்தில் போடும் கையெழுத்து "சங்கர்".

டிராயிங் மாஸ்டர் சொன்ன புத்தி

தாராபுரம் பக்கத்து கிராமத்தில் 1924-ம் ஆண்டு பிறந்தவர். சின்ன வயசிலேயே குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார்.

பள்ளிக்கூடத்தில் பையனுடைய கைவாகைப் பார்த்த டிராயிங் மாஸ்டர் ஒரு புத்தி சொன்னார். பி.ஏ., எம்.ஏ. என்று போய்விடாதே, ஓவியக் கல்லூரியில் சேர் என்பதுதான் அது.

மாஸ்டர் பேச்சைப் பையன் தட்டவில்லை. எழும்பூர் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அங்கே பிரின்சிபால் யார் தெரியுமா? மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலை செய்த தேவிபிரசாத் ராய் சவுத்ரி!

படிப்பு முடிந்ததும் "கலைமகள்" பத்திரிகையில் வேலை. 1950-களின் தொடக்கத்தில் வடபழனியிலிருந்து வந்த "அம்புலிமாமா"வுக்கு மாறினார். நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947-ம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய பத்திரிகை அது.

போனவர் போனவர்தான்! சுமார் 60 வருஷம் அங்கேயே உட்கார்ந்து வரைந்தார். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகும், பழைய கோஷ்டியில் மிஞ்சி நின்ற ஓவியர் அவர்தான்.

ஒரு படம், பல பாஷை

அம்புலிமாமா தமிழில் மட்டும் வந்த பத்திரிகை அல்ல. தெலுங்கு, கன்னடம், இந்தி என்று ஒரு டஜன் பாஷைகளில் வந்தது. கதையின் எழுத்து மாறும். படம் மாறாது!

சங்கர் வடபழனியில் வரைந்த ராஜாவை மதுரைப் பையனும் பார்த்தான். விஜயவாடாப் பையனும் பார்த்தான். வட நாட்டுப் பையனும் பார்த்தான். விக்கிரமாதித்தன் என்றால் இந்த முகம், வேதாளம் என்றால் இந்தத் தொங்கல் என்று தேசம் பூராவும் மனசில் பதிந்து போனது.

இதற்காக அவர் மலை ஏறவில்லை, சுடுகாட்டில் போய்த் தவம் கிடக்கவில்லை. கதைத் தாள் மேஜைக்கு வரும். படிப்பார். கண் முன்னால் காட்சி வரும். பென்சில், பிறகு மை. அடுத்த கதை. அடுத்த மாசம். இப்படியே 60 வருஷம்! ஆபீசில் லெட்ஜர் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிழைப்பு புரியும்.

இப்போது காகிதம் இல்லை

சங்கர் காலத்தில் படம் போட ஆபீஸ் வேண்டும், அச்சாபீஸ் வேண்டும், ஏஜெண்டு வேண்டும். இப்போது எதுவும் வேண்டாம். நூம்பலில் மாடி ரூமில் குடியிருக்கும் ஒரு பிள்ளை, இண்டர்நெட்டில் படக்கதை போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு "வெப் காமிக்" என்று பெயர்.

பகலில் கம்பெனி வேலை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், கண்ணாடிப் பலகை மாதிரி ஒரு டேப்லெட், அதற்கு ஒரு பேனா. தப்பாகப் போட்டால் ரப்பர் தேய்க்க வேண்டியதில்லை. ஒரு தட்டு, கோடு போய்விடும்!

கதை எங்கே கிடைக்கும்? பஸ்சில் கண்டக்டர் சில்லறைக்குப் போடும் சண்டை, மழைக்குத் தேங்கிய தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்து நடக்கும் மாமி, வாடகை கேட்க வரும் வீட்டுக்காரர்... நாம் பார்த்துவிட்டு மறந்து போவதை அந்தப் பிள்ளை குறித்து வைத்துக்கொள்ளும்.

தொழில் சூட்சுமமும் உண்டு. புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினால் திடுக்கிடும் காட்சி வரும். போனில் புரட்ட ஏது பக்கம்? கட்டை விரலால் மேலே தள்ள வேண்டியதுதான். அதனால் கட்டங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குகிறார்கள். நடுவில் விடும் வெற்றிடம்தான் சஸ்பென்ஸ்! தென் கொரியாக்காரர்கள் 2003, 2004-ம் ஆண்டுகளிலேயே பெரிய கம்பெனிகள் மூலம் இந்தப் பாணியைப் பரப்பிவிட்டார்கள்.

தமிழுக்கு இன்னொரு தலைவலி. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று ஒரு ஆள் பேசினால், அந்த ஒரு வார்த்தைக்கே பாதிக் கட்டம் போய்விடும்! ஆகவே முதலில் பேச்சை எழுதி, பேச்சு பலூனுக்கு இடம் ஒதுக்கி, மிச்ச இடத்தில் ஆளை நிற்க வைப்பது புத்திசாலித்தனம்.

இத்தனையும் செய்து விடியற்காலை படத்தைப் போட்டால் என்ன கிடைக்கும்? முக்கால்வாசி, "லைக்"தான். லைக்கை எடுத்துக்கொண்டு போனால் மளிகைக் கடையில் பருப்பு தருவார்களா?

கத்தரி போடும் கை

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. படத்தின் மூலையில் பெயர் இருக்கும். யாரோ ஒருவர் அந்த மூலையை மட்டும் வெட்டிவிட்டுத் தன் பக்கத்தில் போட்டுக்கொள்வார். ஊரெல்லாம் சிரிக்கும். வரைந்த பிள்ளைக்கே அந்தப் படம் "ஃபார்வர்டு" ஆகி வந்து சேரும்!

சங்கருக்காவது மாசச் சம்பளம் வந்தது. ஆனால் அவரும் தப்பவில்லை. அவர் படத்தை வைத்து இன்றைக்கும் ஆயிரம் கிண்டல் நடக்கிறது. பெயர் போடுகிறவர்கள் எத்தனை பேர்?

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அது சொல்வது இதுதான்:-

படம் வரைந்த நிமிஷமே உரிமை பிறந்துவிடும். பதிவு செய்தால்தான் உரிமை என்று இல்லை. தகராறு வந்தால் பதிவு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

பத்திரிகையில் சம்பளத்துக்கு இருந்து, அதற்காகவே வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சம், பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு. மற்ற உரிமைகள் வரைந்தவருக்கு.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதானால், எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப் பேச்சு செல்லாது.

எல்லாவற்றுக்கும் மேலே 57-வது பிரிவு. உரிமையை விற்றுவிட்டாலும், "இதை வரைந்தவன் நான்" என்று சொல்லும் உரிமை வரைந்தவரிடமே இருக்கும்!

சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு படத்துக்காகக் கோர்ட்டு வாசல் ஏற நூம்பல் பிள்ளைக்கு நேரம் ஏது, காசு ஏது?

பத்மஸ்ரீ வந்தது, அவர் இல்லை

2007-ம் ஆண்டு அம்புலிமாமா ஒரு மும்பை கம்பெனியின் கைக்குப் போனது. சில வருஷங்களில் நின்றும் போனது. சங்கர் 2020 செப்டம்பர் 29-ந் தேதி காலமானார்.

2021 ஜனவரியில் பத்மஸ்ரீ பட்டியல் வெளியானது. அதில் அவர் பெயர் இருந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை!

அரசாங்க மரியாதை தாமதமாக வந்தது. அது நம் கையில் இல்லை. ஆனால் ஒன்று நம் கையில்தான், அதாவது கட்டை விரலில்தான் இருக்கிறது.

அடுத்த தடவை பஸ்சில் ஒரு படம் உங்களைச் சிரிக்க வைத்தால், மூலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெயர் இருந்தால் வெட்டாமல் அனுப்புங்கள். பெயர் இல்லாமல் வந்து, உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.

காசா, பணமா? ஒரு பெயர்தானே! விக்கிரமாதித்தன் வேதாளத்தையே அலுக்காமல் சுமந்தான். நாம் ஒரு பெயரைச் சுமக்கக் கூடாதா?