விளக்கேற்றுவாரற்ற வீடு

மட்டக்களப்பு வாவிக்குக் கரை இரண்டு. ஞாயிறு எழும் கடற்புறம் எழுவான்கரை. அது படும் வயற்புறம் படுவான்கரை. படுவான்கரையில் விளைந்த நெல் தோணியேறி எழுவான்கரைக்கு வந்தது. அந்நெல்லே போடியார் வீடுகளாய் உயர்ந்து நின்றது. முதிரை மரத் தூண்களும், அகன்ற திண்ணையும், வளவில் நெற்பட்டறையும், கணக்கொப்புவிக்க வந்து நிற்கும் முல்லைக்காரனும் அவ்வீட்டின் இலக்கணமாவர்.

போடியார் வீடு என்பது பெயரளவில் மட்டுமே பொருந்தும். உரிமையளவில் அது போடியாரின் மனைவிக்கு உரியது. பின் மகளுக்குச் சீதனமாவது. மூத்தவள் மணமுடித்துச் சிலகாலம் சென்றபின், பெற்றோர் வீட்டை அவளிடம் விட்டு, இளைய பெண்களோடு அவ்வளவிலேயே வேறொரு வீட்டுக்குப் பெயர்வர். மகன் மனைவியின் வீடு புகுவான். 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் பழைய முக்குவர் சட்டம் வழக்கொழிந்தது. பெண்ணுக்கு வீடு என்னும் வழக்கமோ ஒழியவில்லை.

செட்டிநாட்டு மாளிகைகளும் பாழடைகின்றன. அங்கே வீடு ஆண்வழிப் பங்காளிகளுக்குப் பொது. பங்காளிகள் பலராய்ப் பெருகியதால் பேணுவார் அருகினர். இங்கே உரியவள் ஒருத்தியே. அவள் அகன்றால் வீட்டுக்கு வேறு நாதியில்லை.

வீட்டின் வளம் குன்றியமைக்குக் காரணங்கள் பல. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவருக்குக் காப்பளித்தது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கத்தகும் வயலை 25 ஏக்கராக வரையறுத்தது. உழுதவன் பக்கம் நின்று நோக்கின் இவை அறமே. அவற்றை யான் குறை கூறேன். வயல் குறைந்தபோதும் வீட்டில் ஆளிருந்தது. 1978 நவம்பர் 23 அன்று வீசிய சூறாவளி ஓடுகளைப் பறித்தபோதும் மீண்டும் வேய்ந்தனர். போர்க்காலத்திற் பெண்மக்கள் கடல் கடந்தபோதுதான் வீடு கைவிடப்பட்டது.

அச்சூறாவளி இரவில் யான் சிறுவன். எம் சிறு வீட்டின் கூரை போயிற்று. அன்னை எம்மை இழுத்துக்கொண்டு அடுத்திருந்த பெரியம்மாவின் வீட்டுக்கு ஓடினார். அயலாரும் வந்து நிறைந்தனர். பெரியம்மா பட்டறை நெல்லை எடுப்பித்துக் குற்றி, நாட்கணக்காய் அனைவருக்கும் கஞ்சி வார்த்தார். அவ்வீட்டின் பெருமை அதன் தூணிலன்று, அந்தக் கஞ்சியிலேயே இருந்தது.

இன்று அதன் திறவுகோல் என்னிடம் உள்ளது, உரிமை இல்லை. ஆண்மகனுக்கு எம் வழக்கில் அங்கே பங்கேது? உரிமையுடைய அக்கா வெளிநாட்டில் முதுமையெய்திவிட்டார். கறையான் முதிரையை விட்டுக் கைமரங்களைத் தின்கின்றது. எம் குடியைச் சேர்ந்த இளம் பெண்ணொருத்தி, ஆசிரியை, அதே தெருவில் வாடகைக்கு இருக்கிறாள். “அவளுக்குக் கொடுங்கள், அக்கா” என்று எழுதினேன். “முற்றத்து மா காய்க்கிறதா, தம்பி?” என்று மட்டும் மறுமொழி வந்தது.

காய்க்கிறது. பெறுக்குவார் இல்லை.

கடல் கடந்த தாய்மாரே, நும் பெண்மக்களுக்கு இவ்வூரின் வழி தெரியாது. உறுதி எழுதும் கை நும்முடையதாய் இருக்கும்போதே, இங்கிருக்கும் ஒரு பெண்ணிடம் வீட்டைக் கையளியுங்கள். விற்பதும் விடுவதும் எம் வழக்கல்ல. மகளுக்குக் கொடுப்பதே வழக்கு. குடியிற் பிறந்தவள் எவளும் மகளே அன்றோ?