பந்தைப் பிடிக்கும் கணக்கு, காரை ஓட்டும் கணக்கு

"ஆள் ஓட்டாத கார் சாலையை எப்படிப் பார்க்கும்?" என்று கேட்டாயே கண்ணு, அந்தக் கேள்விக்கே உன்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும். பெரியவர்களையே பல வருடம் திணறடித்த கேள்வி அது.

அதை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஒரு ஜெர்மன் பேராசிரியர். பெயர் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ். 1936இல் பிறந்தவர். விண்ணுக்குப் போன கலம் எந்தப் பாதையில் பூமிக்குத் திரும்ப வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 1975இல் மியூனிக்கில் உள்ள ராணுவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பிறகு ஐந்து டன் எடையுள்ள பென்ஸ் வேன் ஒன்றில் கேமராக்களையும் கணினிகளையும் பொருத்தினார். ஸ்டியரிங்கும் பிரேக்கும் கணினி சொன்னபடி கேட்கும்.

இங்கேதான் சிக்கல் வந்தது. அந்தக் காலத்துக் கணினிகள் ரொம்ப மெதுவானவை. கணினிக்கு ஒரு படம் என்றால் ஆயிரக்கணக்கான புள்ளிகள். 96 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியோ ஒரே விநாடியில் 26 மீட்டரைத் தாண்டிவிடும். எல்லாப் புள்ளியையும் பார்த்து முடிப்பதற்குள், பார்த்த சாலையே பின்னால் போயிருக்கும். புரிகிறதா?

டிக்மன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? நீ கேட்ச் பிடிப்பாய் அல்லவா? பந்து இப்போது இருக்கும் இடத்துக்கா ஓடுகிறாய்? இல்லையே! அது வந்து விழப்போகும் இடத்துக்குத்தானே ஓடுகிறாய். வேனுக்கும் அதையே கற்றுக்கொடுத்தார். சாலையின் வெள்ளைக்கோடு அடுத்த படத்தில் எங்கே இருக்கும் என்று கணினி முன்கூட்டியே கணிக்கும். படம் வந்ததும் அந்தச் சின்ன இடத்தை மட்டும் பார்க்கும். கணித்ததற்கும் கண்டதற்கும் எவ்வளவு வித்தியாசம்? அதை வைத்து அடுத்த கணிப்பைத் திருத்திக்கொள்ளும், ஸ்டியரிங்கையும் திருப்பும். கணி, பார், திருத்து. ஒரே விநாடியில் இது பல தடவை நடக்கும். அவசரமில்லை, வேண்டுமானால் இன்னொரு முறை படித்துவிட்டு வா.

இப்படித் திருத்தும் கணக்குக்குக் கால்மன் வடிப்பான் என்று பெயர். நிலாவுக்குப் போன அப்பல்லோ கலங்கள் வழி கண்டுபிடித்ததும் இதே கணக்கை வைத்துத்தான்! விண்வெளிக்காரர்களின் கணக்கைத் தார்ச்சாலைக்கு இறக்கிக்கொண்டு வந்தாரே, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

1987இல் அந்த வேன், இன்னும் திறக்காத புது நெடுஞ்சாலை ஒன்றில் 96 கி.மீ. வேகத்தில் தானாக ஓடியது. 1994இல் அவருடைய கார் பாரிஸ் அருகே, மற்ற வண்டிகளுக்கு நடுவே, 130 கி.மீ. வேகத்தில் போனது. மறு வருடம் அவருடைய கார் மியூனிக்கிலிருந்து டென்மார்க் வரை போய்த் திரும்பியது. 1,700 கி.மீ.க்கும் கூடுதலான பயணம். பாதுகாப்புக்கு ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். ஆனால் சுமார் 95 விழுக்காடு தூரத்தைக் காரே ஓட்டிக்கொண்டது. ஒரு கட்டத்தில் தொடர்ந்து 158 கி.மீ. வரை யாரும் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

ஓட்டுநர் கைகொடுக்க வேண்டியிருந்த அந்த மீதித் தூரம் இருக்கிறதே, அந்த மாதிரி இடங்களோடுதான் பொறியாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். கணக்கை விடாமல் படி கண்ணு. அவர்களுக்கு உன்னைப் போல் கேள்வி கேட்கிறவர்கள் தேவை.