மரத்துப்போகும் வேகம்

அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லிக்கு ஒற்றைத் தலைவலி வருமுன் பார்வையின் நடுவே ஒரு குருட்டுப் புள்ளி தோன்றும். ஓரம் ரம்பப்பல் போல மினுங்கும். மெல்ல விரிந்து, பார்வையின் விளிம்புவரை நகர்ந்து மறையும். வேறொருவர் என்றால் விளக்கை அணைத்துப் படுத்திருப்பார். லாஷ்லி பென்சிலை எடுத்து, எந்த நிமிடத்தில் அது எங்கே இருக்கிறது என்று வரைந்தார். பார்வையைக் கவனிக்கும் மூளைப் பகுதியின் அளவோடு அதைப் பொருத்தி, 1941-ல் ஒரு கணக்கு சொன்னார்: மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது.

1944-ல் பிரேசில்காரரான அரிஸ்டிடிஸ் லியாவோ, முயலின் மூளையில் வலிப்பை ஆராயும்போது, நரம்புச் செல்களை வரிசையாக அடக்கிக்கொண்டே பரவும் ஓர் அலையைக் கண்டதாக எழுதினார். வேகம் கிட்டத்தட்ட அதேதான்.

நரம்புக் கோளாறில் ‘எங்கே’ என்பதைப் போலவே ‘எவ்வளவு வேகமாக’ என்பதும் துப்பு கொடுக்கும். ஒற்றைத் தலைவலியில் அந்த அலை தொடு உணர்வுப் பகுதியைக் கடந்தால் விரல்நுனியில் ஊசி குத்தும். கால் மணி, அரை மணி நேரத்தில் கை வழியே ஏறி, தோளைத் தொடாமலே உதட்டுக்குத் தாவலாம். மூளையில் கைக்கான இடத்துக்குப் பக்கத்து வீடு முகம். வலிப்பும் இதே பாதையில்தான் போகும். ஆனால் சில நொடிகளில் ஓடி முடித்துவிடும். பக்கவாதம் ஊர்வதில்லை. ரத்தக்குழாய் அடைத்ததும் முகம், கை, பேச்சு எல்லாம் பெரும்பாலும் ஒரே நேரத்தில் போய்விடும்.

இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே கடிகாரம் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். முதல் தடவை எது வந்தாலும், அது ஒற்றைத் தலைவலியா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

நம்மை அதிகம் ஏமாற்றுவது தானாகச் சரியாகிவிடும் கோளாறுதான். சாப்பிடும்போது கை துவண்டு சோறு கீழே விழுகிறது, நாக்கு குழறுகிறது, அல்லது ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்குகிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி. ‘வாயுதான்’ என்று ஒரு சோடாவோடு விஷயம் முடிந்துவிடுகிறது. உண்மையில் ஒரு ரத்தக்கட்டி குழாயை அடைத்து, பிறகு கரைந்திருக்கலாம். 2000-ல் வெளியான கலிபோர்னியா ஆய்வில், இப்படிக் கோளாறு வந்துபோனவர்களில் பத்தில் ஒருவருக்கு 90 நாட்களுக்குள் முழுப் பக்கவாதம் வந்தது. அதில் பாதி முதல் இரண்டே நாட்களில். ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராத்வெல் குழு 2007-ல் காட்டியது இன்னொரு பக்கம்: இவர்களை உடனே பரிசோதித்து அன்றைக்கே மருந்தைத் தொடங்கியபோது அந்த ஆபத்து ஏறக்குறைய 80 விழுக்காடு குறைந்தது. சரியாகிவிட்டது என்பதற்காக 108 ஆம்புலன்ஸை அழைக்காமல் இருக்கக் கூடாது.

மாதக்கணக்கில் வருவது வேறு ரகம். இரண்டு பாதங்களிலும் விரல்நுனியிலிருந்து தொடங்கும் மதமதப்புக்குச் சர்க்கரை நோயோ பி12 குறைவோ காரணமாகலாம். நடுராத்திரியில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்து, கையை உதறினால் சரியானால், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று ஊகிக்கலாம். இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் போதும்.

நாள்கணக்கில் ஏறுவதுதான் இடைப்பட்ட ரகம். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து ஓரிரு வாரம் கழித்துக் கால்கள் துவண்டு, பலவீனம் மேல்நோக்கி ஏறினால் கியான்-பாரே நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிறது. மூச்சுத் தசைகளை எட்டினால் செயற்கைச் சுவாசம் தேவைப்படும். அன்றைக்கே மருத்துவமனை. இடுப்பு வலியோடு, உட்காரும் இடம் மரத்துச் சிறுநீர் போக முடியாவிட்டாலும் அப்படித்தான்.

பக்கவாதம் என்று அழைத்துப் போகிறவர்களிடம் அவசரப் பிரிவில் முதலில் கேட்பது, “கடைசியாக எப்போது நல்லா இருந்தார்?” என்பது. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நான்கரை மணி நேரம். காலையில் எழும்போதே கை வராதிருந்தால், விழித்த நேரமல்ல, இரவு படுத்த நேரம்தான் கணக்கு. போகும் வழியில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும்.