மின்னஞ்சல் முகவரி யார் பேரில் இருக்கிறது?

அரிசிப் பையிலும் செக்கு எண்ணெய் பாட்டிலிலும் போன் நம்பருக்குக் கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி போடுகிறோம். பெரும்பாலும் அது ஜிமெயில். காசு இல்லாமல் கிடைக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் @ குறிக்குப் பின்னால் இருப்பது அவர்கள் பெயர், நம் பெயர் இல்லை. இரண்டு வருடம் திறக்காமல் கிடக்கும் கணக்கை நீக்கலாம் என்பது கூகுளின் விதி. கணக்கு முடங்கினால் நேரில் போய் மேனேஜரைப் பார்க்க கிளை அலுவலகமும் கிடையாது. குத்தகை நிலத்தில் தென்னை வைத்த கதைதான்.

இதற்கு வழி, பண்ணையின் பெயரிலேயே ஒரு டொமைன் வாங்குவது. டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்சி என்ற அமைப்பு. அதன் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்களிடம் வருடத்துக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காதீங்க, புதுப்பிக்கும் விலையைக் கேளுங்க.

டொமைன் என்பது முகவரி மட்டும்தான். அஞ்சல் பெட்டியை கூகுள், ஜோஹோ போன்ற நிறுவனங்களிடம் தனியாக எடுக்க வேண்டும். அஞ்சல் எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்.எக்ஸ். என்ற பதிவு. நாளைக்கு நிறுவனம் பிடிக்கவில்லையா? அந்தப் பதிவை மாற்றினால் போதும். பையில் அச்சடித்த முகவரி அப்படியே இருக்கும். பழைய அஞ்சல்களை மட்டும் நாம்தான் நகல் எடுத்துக் கொண்டுபோக வேண்டும். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற இரண்டு பதிவுகளையும் கேட்டுப் போடச் சொல்லுங்க. இல்லாவிட்டால் நம் அஞ்சல் வாடிக்கையாளரின் ஸ்பேமில் போய் விழும்.

வங்கியில் இருந்தவன் என்பதால் பத்திரம் யார் பேரில் என்றுதான் முதலில் பார்ப்பேன். வெப்சைட் போட்டுக் கொடுக்கும் தம்பி தன் பேரிலேயே டொமைனைப் பதிந்துவிடுவது உண்டு. அவர் வேலை மாறிப் போனால் நம் முகவரியும் கூடவே போய்விடும். உழவர் குழுவாக இருந்தால் குழுவின் பேரிலேயே பதியுங்க. கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும். செயலாளர் மாறினாலும் முகவரி மாறாது.

டொமைனும் நிரந்தரப் பட்டா இல்லை. ஒரு வருடம் முதல் பத்து வருடம் வரை பதியலாம். புதுப்பிக்காமல் விட்டால், சில வாரங்கள் கழித்து அதை வேறு யாரும் வாங்கலாம். வாங்கியவர் அதே முகவரியைத் திறந்து, நமக்கு வரும் ஆர்டரையும் வங்கிக் கடிதத்தையும் படிக்கலாம். பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கூட அவருக்குத்தான் போகும். அதனால் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுவது நல்லது. பதிவு நிறுவனத்துக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் மட்டும் வேறாக இருக்கட்டும். அதையும் இதே டொமைனில் வைத்தால், சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டின மாதிரி.

உள்ளூரில் வாட்ஸ்அப் வழியாக மட்டும் விற்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. பெயர் போட்டுப் பொருள் விற்பவர்கள், அடுத்த தடவை பை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்க. பழைய முகவரியையும் உடனே மூடாதீங்க. வீட்டில் இருக்கும் பழைய பையைப் பார்த்து எழுதுகிறவர்களும் உண்டு.