பால்கனி பிரஷ்ஷும் பத்து திர்ஹமும்

போன கோடைல ஷார்ஜா ஃபிளாட் பால்கனியில மணல் தள்ள, பத்து திர்ஹத்துக்கு ஒரு பச்சை பிரஷ் வாங்கி வெளியவே வெச்சிருந்தேன். ரெண்டே மாசம்! ஒரு இழு இழுத்தா நாரெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்குது. அந்தத் துண்டு தண்ணி போற ஓட்டையை அடைச்சு, கீழ் வீட்டு பால்கனியில வழிஞ்சு, ப்ளம்பருக்கு 150 திர்ஹம் தண்டம். பத்து ரூபாய் மிச்சம் பிடிச்ச லட்சணம் :-(

கடுப்புல உட்கார்ந்து படிச்சதுல தெரிஞ்ச மேட்டர் இதுதான். மலிவு பிரஷ்ல இருக்கறது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். தண்ணி குடிக்காது, ஆசிட், உப்பு எதுக்கும் அசராது. ஆனா புற ஊதாக் கதிர் பட்டா அதோட மூலக்கூறு சங்கிலி அறுந்து நொறுங்கிடும். தடுப்பு மருந்து கலந்திருந்தா தாங்கும். கார்பன் பிளாக் கலந்த கறுப்பு நார் நல்லது. வெறும் கறுப்புச் சாயம் போட்டது வேற, ஏமாந்துடாதீங்க.

நைலான் வளைஞ்சாலும் நிமிரும், சீக்கிரம் தேயாது. ஆனா நைலான் 6 முழுசா ஊறினா எடையில 9, 10 சதவீதம் தண்ணி குடிச்சு தொளதொளன்னு ஆயிடும். நைலான் 6.12 சுமார் 3 சதவீதம்தான் குடிக்கும், விலை அதிகம். பி.பி.டி.ங்கற பாலியெஸ்டர் இன்னும் கம்மியாத்தான் குடிக்கும். ஆனா கொதிக்கற தண்ணி அதுக்கு ஆகாது.

இது பால்கனியோட முடியற விஷயமில்லைங்க. 2019ல ஓட ஆரம்பிச்ச அபுதாபி ஸ்வைஹான் சோலார் நிலையம் 1,177 மெகாவாட். அங்க தண்ணியில்லாம ரோபோ பிரஷ்தான் தூசி தட்டுது. நம்ம ராமநாதபுரம் கமுதியில 2016ல வந்த 648 மெகாவாட் நிலையத்துலயும் ரோபோதான். நாள் பூரா வெயில்ல கிடக்கற அந்த பிரஷ் நொறுங்கினா பேனல்ல தூசி தங்கும், கரன்ட் குறையும்.

கடையில எதுவும் எழுதலையா? ஒரு நாரைப் பிடுங்கி, சோப்பு ஒரு சொட்டு விட்ட டம்ளர் தண்ணியில அமுக்கி விடுங்க. மிதந்தா பாலிப்ரொப்பிலீன், முங்கினா நைலானோ பி.பி.டி.யோ.

இப்ப என்கிட்ட இருக்கறது கறுப்பு பாலிப்ரொப்பிலீன், வெயில் தாங்கும்னு அட்டையிலயே போட்டது. 28 திர்ஹம். பெருக்கினதும் கதவுக்குப் பின்னாடி உள்ளே மாட்டிடறேன். எந்த நாரா இருந்தாலும் நிழல்தாங்க அதுக்கு ஆயுசு!