குரங்கு சிரிக்கிறதா?

பெங்களூருவின் பீன்யாவில் வாழும் சிறுவர்களுக்கு நாட்டுக் குரங்கு புதியதன்று. மாடியில் உலரும் வடகத்தை அது எடுத்துச் சென்றால், ‘திருட்டுக் குரங்கு’ என்பர். பல்லைக் காட்டினால், ‘சிரிக்கிறது’ என்பர். ஆனால், திருட்டு என்பது மனிதர் வகுத்த குற்றம். குரங்கு அறிந்தது உணவு மட்டுமே. அது உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டுவதும் பெரும்பாலும் அச்சத்தின் அல்லது பணிவின் அடையாளமாகும். சிரிப்பதாக எண்ணி அருகில் செல்லும் சிறுவன் கடிபட நேரலாம்.

இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிக் கூறுவது தற்குறிப்பேற்ற அணி எனப்படும். சிலப்பதிகாரத்தில், மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைவது, கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா என்று தடுப்பதுபோலக் காட்டப்படுகிறது. செய்யுளில் இஃது அழகு. விலங்குகளை ஆராயும் அறிவியலில் இதுவே பிழையாகக்கூடும். ஆகவே, எளிய காரணம் போதுமாயின் விலங்கின் செயலுக்கு உயர்ந்த சிந்தனையைக் காரணமாகக் கூறலாகாது என்று 1894ஆம் ஆண்டில் லாயிட் மார்கன் என்னும் அறிஞர் வலியுறுத்தினார்.

இவ்வெச்சரிக்கை நாளடைவில் மறுபக்கம் சாய்ந்தது. விலங்குக்கு மனம் உண்டு என்று பேசுவதே தவறாகக் கருதப்பட்டது. 1960ஆம் ஆண்டில் ஜேன் குடால் என்னும் இளம்பெண், இன்றைய தான்சானியாவிலுள்ள கோம்பே காட்டில் சிம்பன்சிகளை ஆராயத் தொடங்கினார். அவற்றுக்கு எண்களை இடாமல் பெயர்களைச் சூட்டினார். ஒவ்வொன்றின் குணத்தையும் தனித்தனியே குறித்தார். இது முறையன்று என அறிஞர் சிலர் குறை கூறினர். எனினும், டேவிட் கிரேபியர்ட் எனப் பெயரிடப்பட்ட சிம்பன்சி, புல்தண்டைப் புற்றுக்குள் நுழைத்துக் கறையான்களைப் பிடித்து உண்டதை அவர் கண்டார். கருவியைச் செய்து பயன்படுத்துவது மனிதருக்கே உரியது என்ற எண்ணம் அவருடைய ஆய்வால் தகர்ந்தது.

இருவகைப் பிழைகளுக்கும் இடம் கொடாமல் உண்மையை அறிவது எவ்வாறு? இதற்குப் பெங்களூருவிலேயே ஒரு சான்று உண்டு. பீன்யாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், இந்திய அறிவியல் கழக வளாகத்தினுள் தேசிய உயர் ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. அங்குப் பணியாற்றிய அனிந்தியா சின்ஹா, நாட்டுக் குரங்குகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்தவர். பந்திப்பூர் தேசியப் பூங்காவில் வாழும் சில குரங்குகள், மனிதரிடம் கைநீட்டி உணவு கேட்பதை அவரும் அவருடைய குழுவினரும் கண்டனர்.

‘குரங்கு பிச்சை கேட்கிறது’ என்று கூறி அவர்கள் நின்றுவிடவில்லை. அது வேண்டுமென்றே செய்யும் செயலா, பழக்கத்தால் எழும் அசைவா என்று வினவினர். ஒன்று வேண்டுமென்றே செய்யப்படுகிறது எனக் கொள்வதற்கு வரையறைகள் உள்ளன. எதிரில் இருப்பவர் கவனிக்கிறாரா என்று விலங்கு பார்க்கிறதா? எண்ணியது கிட்டும்வரை முயல்கிறதா? இத்தகைய வினாக்களைக் கொண்டு நான்கு செயல்களைச் சோதித்தனர்: மெல்லொலி எழுப்புதல், கைநீட்டுதல், மனிதரை நோக்கி உடலைத் திருப்புதல், அவரைக் கவனித்தல்.

2018ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மூன்று செயல்கள் வரையறைகளுக்குப் பொருந்தின. ஒலி எழுப்புதல் மட்டும் பொருந்தவில்லை. ஒரே குரங்கிடம் காணும் செயல்களையும் தனித்தனியே ஆராய்ந்தே முடிவு கூற வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

விலங்கை மனிதராகவே எண்ணினால் அதன் அச்சம் சிரிப்பாகத் தோன்றும். வெறும் பொறியாக எண்ணினால் அதன் துன்பம் கண்ணில் படாது. பொறுமையாக உற்றுநோக்குவதே இரண்டையும் தவிர்க்கும் வழியாகும்.

சிந்தித்து எழுதுக:
1. ‘நரி தந்திரமுள்ளது’ என்பது உற்றுநோக்கி அறிந்ததா, ஏற்றிக் கூறியதா? காரணம் தருக.
2. நீ கண்ட ஒரு விலங்கின் செயலை, உன் கருத்தைக் கலவாமல் ஐந்து தொடர்களில் எழுதுக.