தொட்டிக்குள் வளர்வது எந்த ஆமை?

தமிழில் நமக்கு ஆமை என்ற ஒரே சொல்தான். கடலில் நீந்துவதும் ஆமை, பற்றைக் காட்டில் ஊர்வதும் ஆமை, வாய்க்கால் கட்டில் வெயில் காய்வதும் ஆமை. ஆங்கிலேயர் இவற்றுக்கு மூன்று பெயர் வைத்திருக்கின்றனர். கடலாமை டர்டில், தரையாமை டோட்டஸ், குளம் குட்டைகளில் வாழும் கெட்டி ஓட்டு ஆமை டெரபின். அரபு மொழியில் பொதுவாக ஸுலஹ்ஃபாத் என்பர். கடலில் வாழ்வதற்கு லஜஆ என்று தனிப்பெயரும் உண்டு. ஹிஜ்ரி 808இல் வபாத்தான எகிப்து நாட்டு ஷாபிஈ அறிஞர் இமாம் தமீரீ (ரஹ்) அவர்கள், பிராணிகளைப் பற்றித் தொகுத்த 'ஹயாத்துல் ஹயவான்' என்ற பெருநூலில் ஆமைக்கும் இடமளித்திருக்கிறார்கள். அவர்கள் காலத்தில் மார்க்க அறிஞர் ஒருவர் உயிரினங்களைப் பற்றி எழுதுவதை யாரும் வியப்பாகப் பார்க்கவில்லை.

பெயரைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மீன் தொட்டி விற்கும் கடைகளில் தீப்பெட்டியளவில் பச்சை நிறக் குட்டி ஆமைகள் விற்கப்படுகின்றன. பிள்ளை அடம்பிடிக்கும், வாப்பா வாங்கிக் கொடுத்து விடுவார். வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பார்க்க வேண்டியவர் உம்மாதான். அது எந்த வகை ஆமை என்பது அவருக்குத் தெரியாவிட்டால் அந்தப் பிராணிக்கும் கேடு, சில வேளை பிள்ளைக்கும் கேடு.

வேறுபாட்டை அறியக் காலைப் பார்த்தாலே போதும். கடலாமையின் முன்கால்கள் தோணியின் துடுப்பைப் போல் நீண்டு தட்டையாக இருக்கும். அதனால் கடலில் வெகுதூரம் நீந்தும், தரையில் இழுபட்டுத்தான் நகரும். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவும் அதனால் முடியாது. பெண் ஆமை முட்டையிடக் கரையேறும்போது கண்ணீர் விடுவதைப் பார்த்து அழுகிறது என்பார்கள். உண்மையில் கடல் நீருடன் உடலில் சேர்ந்த உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. உலகிலுள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து வகை நமது நாட்டுக் கரைகளில் முட்டையிடுகின்றன.

தரையாமையின் கால்களோ யானைக் கால்களைப் போல் உருண்டு திரண்டவை. ஓடு குவிந்து உயர்ந்திருக்கும். நமது வரண்ட வலயத்தில் வாழும் நட்சத்திர ஆமை இவ்வகையைச் சேர்ந்தது. புல்லும் இலையும் பழமும் அதன் உணவு. நீந்தத் தெரியாத இந்த ஆமையை ஆழமான தண்ணீரில் போட்டால் அது மூழ்கிச் செத்துப்போகும்.

டெரபின் இவை இரண்டுக்கும் இடைப்பட்டது. ஓடு சற்றுத் தட்டை. விரல்கள் பிரிந்து நகங்களுடன் இருக்கும், விரல்களுக்கிடையே தாராவின் காலைப் போல் சவ்வு இருக்கும். சவ்வு நீந்துவதற்கு, நகம் கரையேறுவதற்கு. நீரில் உண்டு, நிலத்தில் வெயில் காய்ந்து, நிலத்திலேயே முட்டையிடும். அல்லாஹ் எல்லா உயிரினங்களையும் நீரிலிருந்து படைத்ததாகவும், அவற்றில் வயிற்றால் ஊர்வன, இரு காலால் நடப்பன, நான்கு காலால் நடப்பன உள்ளதாகவும் ஸூரத்துன் நூரின் 45ஆவது வசனம் கூறுகிறது. நான்கு காலில் நடக்கும் இந்த ஒரு கூட்டத்துக்குள்ளேயே கால்களின் அமைப்பில் எத்தனை வகை!

நமது நாட்டுக்குச் சொந்தமான டெரபின், சிங்களத்தில் 'கல் இப்பா' எனப்படும் கறுப்பு ஆமை. குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் காணலாம். சிங்களவர் 'கிரி இப்பா' என்றும் நாம் பாலாமை என்றும் சொல்வது வேறு. அதன் ஓடு மென்மையான தோலால் மூடப்பட்டிருக்கும். வரட்சி வந்தால் சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். அதுவும் நன்னீர் ஆமைதான், ஆனால் டெரபின் என்று அதைச் சொல்வதில்லை.

கடையில் விற்பது இவற்றில் எதுவுமல்ல. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த செங்காது ஆமை. அந்தச் சிவப்பு காது அல்ல, வெறும் அடையாளம்தான். இன்று தீப்பெட்டியளவில் இருப்பது சில வருடங்களில் சோற்றுக் கோப்பையின் அளவை எட்டலாம். பெண் ஆமை ஆணை விடப் பெரிதாகும். ஒழுங்காகப் பராமரித்தால் முப்பது வருடங்கள் கூட உயிர்வாழும். வாங்கிக் கேட்ட மகனுக்குப் பிள்ளைகள் பிறந்த பின்னும் அது இருக்கக்கூடும் என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

அநேகர் இதை மீனென்று எண்ணிக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி விட்டுவிடுகிறார்கள். ஏறி உட்கார ஒரு கல் கூட இருக்காது. இதற்கு நுரையீரலால்தான் சுவாசம். ஏறி உடலை உலர்த்தவும் வெயில் காயவும் இடம் வேண்டும். வெயில் படாவிட்டால் உடலில் சுண்ணாம்புச் சத்து சேராமல் ஓடு மென்மையாகிவிடும். யன்னல் கண்ணாடிக்கு உட்புறம் விழும் வெயில் போதாது, தேவையான கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். வேறு சிலர் தரையாமை என்று எண்ணி உலர்ந்த பெட்டியில் வைத்துக் கீரை போடுகிறார்கள். இவ்வாமை உணவைத் தண்ணீருக்குள் வைத்தே விழுங்கும். உலர்ந்த பெட்டியில் உணவு முன்னால் கிடக்க அது பட்டினி கிடக்கும். ஆமை பல நாள் பசி தாங்கும் பிராணி. ஆகவே அது வாடுவது வெளியே தெரிய நெடுநாளாகும்.

பிராணி வளர்ப்பது கூடுமா என்று சகோதரிகள் கேட்பதுண்டு. அனஸ் (ரழி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர் ஒரு குருவி வைத்திருந்தார். நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் அன்போடு விசாரித்திருக்கிறார்கள். இதிலிருந்து, துன்புறுத்தாமல் வளர்ப்பது ஆகும் என்று அறிஞர்கள் சட்டம் எடுத்தனர். மறுபக்கம், பூனையொன்றை அடைத்து வைத்து, தானும் உணவு கொடுக்காமல் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கிண்ணத்து ஆமை எந்தப் பக்கம் சேரும் என்பதை வளர்ப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆமை வீட்டுக்குள் வந்தால் வீடு உருப்படாது என்பதும், கண்ணாடி ஆமையை அலுமாரியில் வைத்தால் பரக்கத் வரும் என்பதும் ஒரே வகை மூடநம்பிக்கை. சகுனம் பார்ப்பதை மார்க்கம் தடுத்துவிட்டது. ஆமையால் வரக்கூடிய உண்மையான தீங்கு வேறொன்று. அதன் குடலில் சல்மொனெல்லா என்ற பக்டீரியா இருக்கலாம். ஆமை நோயில்லாமல் சுகமாகவே காணப்படும். அதைத் தொட்ட கையை வாயில் வைக்கும் பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வரும். ஐந்து வயதுக்குக் குறைந்தோர், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோருக்கு இது கடுமையாகலாம். இதனாலேயே 1975இல் அமெரிக்கா, ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதைத் தடை செய்தது. சிறிய ஆமையைத்தான் பிள்ளைகள் வாயில் வைத்துக்கொள்கிறார்கள்.

எனவே தொட்ட பிறகு சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியைக் குசினியில் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒருபோதும் கழுவக்கூடாது. தொழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷாபிஈ மத்ஹபில் நாயும் பன்றியும் அவற்றின் வாரிசும் தவிர உயிருள்ள பிராணிகள் சுத்தமானவை. ஆகவே ஆமையைத் தொடுவதால் வுழூ முறியாது. ஆனால் அதன் கழிவு கலந்து நிறமும் வாடையும் மாறிய தண்ணீர் உடையில் பட்டால் கழுவிவிட்டுத் தொழ வேண்டும்.

வளர்த்துச் சலித்தவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பாவம் என்று நினைத்து, இரவில் கொண்டுபோய்க் குளத்தில் விடுகிறார்கள். விடுதலை கொடுத்த நன்மை கிடைக்கும் என்றும் எண்ணுகிறார்கள். செங்காது ஆமை உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் உள்ள ஒன்று. உருவில் பெரிது, எதையும் தின்னும். நமது கறுப்பு ஆமை வெயில் காயும் கட்டையையும் அதன் இரையையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியை நிறுத்தியது. அங்கே குளங்கள் அப்போதே நிரம்பத் தொடங்கிவிட்டன. எண்பதுகளின் இறுதியில் பிரபலமான நிஞ்ஜா ஆமைக் கார்ட்டூனைப் பார்த்த பிள்ளைகளுக்காக வாங்கப்பட்டு, பின்னர் வளர்ந்து பாரமானவை அவற்றில் பல.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் அதைக் கைவிடத் தேவையில்லை. வளர்ப்போர் வழமையாகச் சொல்லும் கணக்கு, ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 40 லீற்றர் தண்ணீர். எட்டு அங்குல ஆமைக்கு 320 லீற்றர். முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி, ஏறுவதற்கு ஒரு சாய்வும் பாதி நிழலும் வைத்து, தப்பிப் போகாதபடி விளிம்பை உயர்த்தினால் நமது வெயிலே அதற்குப் போதும். குட்டியில் மாமிச உணவு அதிகம் தேவை, வளர வளர இலை உணவைக் கூட்ட வேண்டும். முடியாவிட்டால் வசதியுள்ள ஒருவரிடம் ஒப்படைக்கலாம், அல்லது மிருக வைத்தியரிடம் ஆலோசனை கேட்கலாம்.

நாட்டு ஆமைகளை வீட்டுக்குக் கொண்டுவருவது வேறு விடயம். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, வைத்திருப்பதே குற்றம். மாரி மழையில் பாதையைக் கடக்கும் கறுப்பு ஆமையைக் கண்டால், வாகனம் வராத நேரம் பார்த்து இரு கைகளாலும் ஓட்டின் பக்கங்களைப் பிடித்துத் தூக்கி, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்திலேயே விடுங்கள். வந்த பக்கம் விட்டால் மீண்டும் பாதையில் இறங்கும்.